தள்ளி நின்றால் அப்பா

அப்பாவைக் கிட்டத்தில் பார்த்தால் அடையாளம் தெரியாமல் போனது ஒரு வியாழக்கிழமை காலை, பால் வாங்கித் திரும்பும்போது. தெருமுனையில் அவர் அவராகத்தான் வந்தார். அதே சாய்ந்த நடை, அதே வழுக்கை, கக்கத்தில் அதே குடை. கேட்டைத் திறந்தபோது முகத்தில் குறுக்கும் நெடுக்குமாகக் கோடுகள் விழுந்தன. செருப்பைக் கழற்றி நிமிர்ந்தபோது கழுத்துக்கு மேலே பழுப்பும் மஞ்சளும் சாம்பலுமாக, தபால்தலை அளவுச் சதுரங்கள் மட்டும் இருந்தன. அந்தச் சதுரங்கள் பால் பாக்கெட்டை நீட்டி, பாதித் தெருவுக்குத் தண்ணீர் வரவில்லை என்ற செய்தியையும் சொல்லின. அம்மா பாக்கெட்டை வாங்கிக்கொண்டாள். "ரொம்ப நன்றிங்க. எங்க வீட்டுக்காரர் எங்க, நீங்க கொண்டுவந்து தர்றீங்க?" என்றாள்.

காரணம் மகளுக்கு உடனே புரிந்தது. அவள் பெயிண்ட் கடையில் வண்ணம் கலப்பவள். யாராவது உடைந்த ஓட்டுத் துண்டையோ தலையணை உறையையோ கொண்டுவந்து இதே நிறம் வேண்டும் என்றால், இயந்திரத்தில் காட்டி, அது சொல்லும் சாயங்களை அளந்து ஊற்றிக் குலுக்கித் தருவாள். இயற்பியல் படித்ததற்கு அந்த ஊரில் கிடைத்த வேலை அதுதான். ஆட்களிடம் பேச அவளுக்கு வராது. நிறங்களிடம் பேச வேண்டியதில்லை என்பதால் வேலை பிடித்திருந்தது. கடையில் கூட்டம் இல்லாத மதியங்களில் யோசித்து, வீட்டுக் கணினியில் அவளே ஒரு மென்பொருள் எழுதினாள். ஒரு புகைப்படத்தைக் கொடுத்தால் அது படத்தைச் சதுரம் சதுரமாக வெட்டும். ஒவ்வொரு சதுரத்துக்கும் சராசரி நிறம் பார்க்கும். பிறகு, குழந்தைகள் ஒன்றின்மேல் ஒன்று பொருத்தி விளையாடுகிற பிளாஸ்டிக் கட்டைகளில் அந்த நிறத்துக்குக் கிட்டத்தில் எது இருக்கிறதோ அதை வை என்று சொல்லும். கட்டைகளுக்குக் குறைவில்லை. அவள் சின்னவளாக இருந்தபோது அழுவதற்கு முன்பே அப்பா வாங்கிவந்து குவித்தவை பரணில் மூட்டையாகக் கிடந்தன. பெற்றோரின் திருமண நாளுக்குப் பரிசாக அப்பாவின் முகத்தைக் கட்டைகளால் செய்து கூடத்துச் சுவரில் மாட்டினாள். எல்லோரும் தள்ளி நின்று பார்த்து, அச்சு அசல் என்றார்கள்.

அசலில்தான் பிசகு. வேறு யாரும் பயன்படுத்தப் போவதில்லை என்று மென்பொருளில் எச்சரிக்கைகள் எதையும் அவள் எழுதவில்லை. செய்து முடித்த கட்டப் படத்தை அது அதே பெயரில், அசல் புகைப்படத்தின் மேலேயே எழுதிவிட்டது. கோப்பில் அப்பா போய்க் கட்டங்கள் வந்தன. கோப்புக்கு நேர்ந்தது, படத்தை மாட்டிய மறுநாள் அப்பாவுக்கும் நேர்ந்தது. பழைய படங்களும் தப்பவில்லை. கல்யாண ஆல்பத்தில் அம்மாவின் பக்கத்தில் ஒரு சதுரங்கப் பலகை கோட்டு போட்டுக்கொண்டு நின்றது.

டாக்டர் முகத்தைத் தொட்டுப் பார்த்தார். தொட்டால் பழைய முகமே. சவரம் செய்யாத தாடை குத்தியது. ரத்த அழுத்தம் கொஞ்சம் கூடுதல், உப்பைக் குறைக்கச் சொல்லி அனுப்பினார். அப்பா ஒரு அலுவலகக் கட்டடத்தில் லிஃப்ட்காரர். பெட்டிக்குள் இவ்வளவு நெருக்கத்தில் சதுரங்களோடு பயணம் செய்ய மேல்மாடிக்காரர்கள் சங்கடப்பட்டதால், கார்கள் நிறுத்தும் இடத்தின் கடைசி மூலையில் கைகாட்டும் வேலைக்கு அவரை மாற்றினார்கள். அங்கே அவரை எல்லோருக்கும் நன்றாகத் தெரிந்தது. இத்தனை வருடம் லிஃப்டில் முகம் பார்க்காதவர்கள்கூடக் கண்ணாடியை இறக்கி வணக்கம் சொன்னார்கள்.

ஊர் ஒரு வாரத்தில் பழகிக்கொண்டது. அம்மா பழகவில்லை. அவள் அச்சகத்தில் பிழை திருத்துபவள். வாழ்நாள் முழுக்க எதையும் மூக்குக்கு அருகில் வைத்துப் பார்த்தவள். மூக்குக் கண்ணாடியைத் தூங்கும்போது மட்டும் கழற்றுகிறவள்.

"எவனோ கட்டம் போட்டவன் பக்கத்துல உக்காந்து என்னால சாப்பிட முடியாது. அது உங்கப்பாதான்னு என்னடி நிச்சயம்?"

"குரல் அவரோடதுதானம்மா."

"குரல் ரேடியோவுலயும்தான் வருது. அதுக்குன்னு தட்டு வைக்கிறோமா?"

எதிர்வீட்டு மாடியில் அப்பாவின் அக்கா தனியாக இருந்தாள். அந்த மாடியின் பால்கனியில் அப்பாவை உட்காரவைத்துவிட்டு இந்த வாசலில் நின்று பார்த்தால், ஒரு சதுரம் கிடையாது. மூக்கும் முழியுமாக அப்பா. ஆகவே ஒரு தலையணையும் அவருடைய ரேடியோவும் தெருவைக் கடந்தன. அத்தை தம்பியை இரண்டு கையாலும் வரவேற்றாள். "என் தம்பிய வெட்டிக் கட்டம் போட்டது உன் பொண்ணு, துரத்தினது நீ. பரவால்ல, நான் பாத்துக்கறேன்," என்று மாடியிலிருந்தே அறிவித்தாள். "பாத்துக்கங்க அண்ணி, அங்கேர்ந்து பாத்தா நல்லாத்தான் தெரியும்," என்றாள் அம்மா.

இதில் யாரும் எதிர்பார்க்காதது, அப்பாவும் அம்மாவும் ஒற்றுமையாகிவிட்டதுதான். காலையில் அம்மா வாசலில் வந்து கையசைப்பாள். அவர் பால்கனியிலிருந்து கையசைப்பார். மாலையில் அவள் அச்சகத்தில் நடந்ததைச் சத்தமாகச் சொல்ல, அவர் சத்தமாகச் சிரிப்பார். முப்பது வருடத்தில் அவள் அவரைச் சிரிக்கவைத்ததாக யாருக்கும் நினைவில்லை. கிட்ட இருந்தால் முட்டப் பகை என்று சும்மாவா சொன்னார்கள் என்று தெரு பேசிக்கொண்டது. மனைவியோடு சரிப்படாத இரண்டு மூன்று பேர் பெயிண்ட் கடைக்கே வந்து, குரலைத் தாழ்த்தி, தங்களையும் கட்டைகளில் செய்து தர முடியுமா என்று மகளிடம் கேட்டுப் போனார்கள்.

மகளுக்கு மட்டும் உறுத்தியது. அப்பா சாப்பிடும்போது தட்டைக் கைப்பிடிச் சுவரின்மேல் வைத்து, இந்த வீட்டைப் பார்த்தபடி சாப்பிட்டார். நாற்காலியை நாளுக்கு நாள் கொஞ்சம் முன்னால் நகர்த்தி, இப்போது முழங்கால் சுவரில் இடித்தது. ஒருநாள் அவள் துணி கொண்டுபோய்க் கொடுத்தபோது சதுரங்கள் தயங்கின. "பாப்பா, நான் வீட்டுக்கு எப்ப வரட்டும்?" என்று, மேலதிகாரியிடம் விடுப்புக் கேட்கிற குரலில் கேட்டன. அவரை வெளியே அனுப்பியது தன்னுடைய ஒரு வரிச் சோம்பல்தான் என்று அவளுக்குத் தெரியும். தூரத்துப் பச்சையாகவே மனிதரை விட்டுவிட முடியாது.

கட்டைகளைக் கலைத்துவிட்டால் சரியாகுமோ என்று முதலில் புருவத்திலிருந்து ஒன்றைப் பிடுங்கிப் பார்த்தாள். எதிர் மாடியில் அத்தை அலறினாள். அப்பாவின் புருவத்தில் ஒரு சதுரம் காலியாகி, அதன் வழியே பின்னால் கொடியில் காய்ந்த துண்டு தெரிந்தது. அவசரமாகத் திரும்பப் பொருத்தினாள். கலைக்க வழியில்லை என்றால் கூட்டத்தான் வேண்டும். படத்தைப் பெரிதாக்கி, ஒரு சதுரம் இருந்த இடத்தில் நான்கு வைத்தால் முகம் நுணுக்கமாகும். நுணுக்கமானால் அவர் இன்னும் கிட்டத்தில் வரலாம். ஆனால் ஒன்றை நான்காக்க வேண்டுமென்றால் அந்த ஒன்றுக்குள் என்ன இருந்தது என்று தெரிய வேண்டும். அசல் போய்விட்டது. அந்த முகத்தைக் கிட்டத்தில் வைத்துப் பார்த்த ஆள் உலகத்தில் ஒருத்திதான்.

"முப்பது வருஷமா அந்த மூஞ்சியப் பாத்து நான் என்னத்தக் கண்டேன்?" என்றாள் அம்மா. மகள் கணினியை அவள் முன்னால் திருப்பிவைத்தாள். திரையில் கட்டங்கள். அம்மா கொஞ்ச நேரம் வேறு பக்கம் பார்த்தாள். ஆனால் எதிரே பிழையை வைத்துக்கொண்டு சும்மா இருக்க அந்தத் தொழிலில் யாராலும் முடியாது. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டாள்.

"மூக்குலேர்ந்து ஆரம்பி. இவ்வளவு நேரா இருக்காது. நடுவுல ஒரு மேடு. அவங்க பரம்பரைக்கே அந்த மேடு உண்டு."

எதிர் மாடியில் அத்தை தன் மூக்கைத் தொட்டுப் பார்த்துக்கொண்டாள்.

"ஏம்மா, என் மூக்குக்கு என்ன குறைச்சல்?" என்று அப்பா அங்கிருந்து கத்தினார்.

"குறைச்சல்னு யாரு சொன்னா? கூடுதல்!"

அதற்குப் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை. இடது தாடைக்குக் கீழே சவரம் செய்ய மறக்கிற ஒரு திட்டு. கல்யாணத்தன்றே அந்தத் திட்டோடுதான் வந்து நின்றார். வலது காது மடலில் ஒரு மடிப்பு. போனை அந்தக் காதில் வைத்து அக்காவோடு மணிக்கணக்காகப் பேசி மடிந்தது. நெற்றியில் ஒரு தழும்பு. பரண் கதவு இடிக்கும் என்று சொன்னதைக் கேட்காததற்குக் கிடைத்தது. பொய் சொல்லும்போது மேலுதடு இடது பக்கம் இழுக்கும்.

"அதை எப்படிம்மா கட்டையில வைக்கிறது?"

"வெச்சுத்தான் ஆகணும். இல்லன்னா அது உங்கப்பா இல்ல."

அவள் குறை சொல்லச் சொல்ல மகள் சதுரங்களைப் பிளந்தாள். பரணில் இருந்தவை தீர்ந்ததும் தெருக் குழந்தைகள் தங்கள் கோட்டைகளையும் விமானங்களையும் இடித்துக் கொண்டுவந்து கொடுத்தார்கள். படம் கூடத்துச் சுவரில் ஜன்னல்வரை வளர்ந்தது, பிறகு அலமாரியை வெளியேற்றியது. ஒவ்வொரு வளர்ச்சிக்கும் அப்பா ஒரு பங்கு நெருங்கினார். மாடியிலிருந்து படிக்கட்டுக்கு வந்தார். அடுத்து, அவர் சரியாகத் தெரிகிற தூரம் நடுத்தெருவில் போய் நின்றதால், ஒரு மாதம் நடுத்தெருவில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். லாரிகள் அவரைச் சுற்றிப் போயின. டிரைவர்கள் திட்டுவதற்குத் தலையை நீட்டி, கிட்டத்தில் முகத்தைப் பார்த்ததும் யாரைத் திட்டுவது என்று தெரியாமல் போனார்கள். அத்தை மாடியிலிருந்து, "இன்னும் கொஞ்ச நாள் இங்க வெச்சுக்கறேனே, சாப்பாடு போட எனக்கும் ஒரு ஆள் வேணாமா?" என்றாள். அன்று மாலையிலிருந்து அத்தைக்கும் இந்த வீட்டிலிருந்தே சாப்பாடு போனது.

இடையில் அப்பா மகளை வாசல் கேட் பக்கம் ரகசியமாகக் கூப்பிட்டு, ஆனது ஆகிவிட்டது, அந்த வழுக்கையில் நாலு கறுப்புக் கட்டை வைத்தால் என்ன என்று கேட்டார். அவளும் வைத்தாள். உடனே முன்நெற்றியில் முடி அடர்ந்து, சீப்பு வாங்கக் கடைக்குப் போனார். அம்மா அச்சகத்திலிருந்து வந்ததும் படத்தை ஒரு பார்வை பார்த்து, முக்காலி போட்டு ஏறி, நான்கையும் பிடுங்கிப் பழுப்பு வைத்தாள். மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பதற்கு அவள் யாரையும் அனுமதித்ததில்லை.

கடைசியில் அவர் வாசல்வரை வந்தார், அங்கேயே நின்றார். முகத்தில் எல்லாம் நுணுக்கமாகிவிட்டது, கண்களைத் தவிர. கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் பழைய தபால்தலைச் சதுரங்களே இருந்தன. அம்மா எவ்வளவு யோசித்தும் அவற்றைப் பற்றிச் சொல்ல ஒன்றும் வரவில்லை. "அதுல தப்பு எதுவும் இருந்ததில்லடி," என்றாள், குற்றம் செய்தவள்போல. "தப்பு இருந்தாத்தான எனக்கு ஞாபகம் இருக்கும்." பிழையில்லாத வரிகளை அவள் கண் நிற்காமல் கடந்துபோகும், முப்பது வருடமாக அங்கேயும் அப்படியே கடந்துபோயிருந்தது. அந்தச் சதுரங்களை எப்படிப் பிளப்பது என்று மகளுக்குத் தெரியவில்லை. சுவரும் தீர்ந்துவிட்டது.

ஞாயிற்றுக்கிழமை மதியம், அப்பா வாசற்படிக்கு வெளியே தட்டோடு உட்கார்ந்திருந்தார். மழை தூறத் தொடங்கியது. அவர் குடையை விரித்துப் பிடித்துக்கொண்டு மற்றொரு கையால் தொடர்ந்து சாப்பிட்டார். உள்ளே அம்மா தன் தட்டை நகர்த்திவிட்டு எழுந்தாள். வாசலுக்கு வந்து அவர் முன்னால் குனிந்தாள். கண்ணாடியில் தூறல் விழுந்து ஒன்றும் தெரியவில்லை. துடைப்பதற்காகக் கழற்றினாள். கழற்றியவள் துடைக்கவில்லை. கண்ணாடி இல்லாமல் கிட்டத்தில் எதுவும் அவளுக்குக் கலங்கலாகத்தான் தெரியும். அந்தக் கலங்கலில் சதுரங்களின் ஓரங்கள் கரைந்து, ஒன்றோடொன்று ஒட்டி, ஒரு ஜோடிக் கண்களாகி அவளைப் பார்த்தன. அவளும் பார்த்தாள். சாதம் ஆறும் அளவுக்குப் பார்த்தாள் என்று எதிர் மாடி அத்தை பிற்பாடு தெருவுக்குச் சொன்னாள்.

"என்ன நிறம்மா?" என்று மகள் கணினி முன்னால் இருந்து கேட்டாள்.

"அதெல்லாம் உனக்கெதுக்கு? இருக்கறபடியே இருக்கட்டும்," என்றாள் அம்மா. பிறகு அவரிடம், "நனைஞ்சுக்கிட்டு என்ன சாப்பாடு? உள்ள வாங்க," என்றாள்.

அப்பா குடையை மடக்கி உதறிவிட்டு உள்ளே வந்தார். அதிலிருந்து அந்த வீட்டில் அம்மாவின் கண்ணாடிக்கூடு அப்பாவின் தட்டுக்குப் பக்கத்தில் இருக்கிறது. அவர் பக்கத்தில் உட்காரும்போது கழற்றி அதற்குள் வைப்பாள். சண்டை பிடிக்கும்போது மட்டும் எடுத்து மாட்டிக்கொள்வாள். எதிரில் வெறும் கட்டங்கள் என்றால் இரக்கம் குறுக்கே வருவதில்லை என்பது அவள் கணக்கு. கட்டடத்தில் லிஃப்டைத் தானியங்கியாக மாற்றிவிட்டார்கள். அப்பா மூலையில் நின்று கைகாட்டி, எல்லோருக்கும் தெரிந்த முகமாக ஓய்வு பெற்றார். பிறகு வந்த வருடங்களில் மகள் அவ்வப்போது முக்காலியில் ஏறி, அம்மா காட்டுகிற இடங்களில் கறுப்பை எடுத்துச் சாம்பல் வைக்கிறாள்.

மென்பொருளில் விட்டுப்போன வரியையும் எழுதிவிட்டாள். படத்தைச் சேமிக்கும் முன் அது இப்போது நின்று கேட்கிறது: அசலின் மேல் எழுதட்டுமா? ஆம், வேண்டாம். அம்மா அதைத் திரையில் ஒருமுறை பார்த்தாள். எழுத்துப்பிழை இல்லை என்று உறுதிசெய்துகொண்டாள்.

"கல்யாணத்தன்னிக்கு எவனாவது இப்படி ஒரு வார்த்தை எங்கிட்டக் கேட்டிருக்கலாம்," என்றாள்.

"எங்கிட்டயும்தான்," என்றன பக்கத்து நாற்காலியிலிருந்து சதுரங்கள். அம்மா கண்ணாடியைக் கழற்றி, அவர் என்ன முகத்தோடு அதைச் சொன்னார் என்று பார்த்தாள். மேலுதடு இடது பக்கம் இழுத்திருந்தது.