சாவியில்லாத இயந்திரம்

விடியலுக்கு முன்னால் டிவி கோபுரத்து இரும்பு வியர்த்திருக்கும். ஏணிப்படிகளில் பனி கோத்து நிற்கும். ஏறுகிறவர்கள் இடுப்பில் ஒரு பழந்துணியைச் செருகிக்கொண்டு ஒவ்வொரு படியையும் துடைத்துத் துடைத்து மேலே போவார்கள். அப்படியும் பாதி உயரம் போவதற்குள் உள்ளங்கை மரத்துவிடும்.

கீழே எனக்கு மண்ணெண்ணெய் வேலை. கயிற்றில் இறங்கிவரும் பழைய திருகாணிகளை ஊறப்போட்டுத் துருவைச் சுரண்டுவேன். தேறுவதைத் தனியே எடுத்துவைப்பேன். புதியவற்றுக்குக் கிரீஸ் தடவிச் சாக்குப்பையில் கட்டி மேலே அனுப்புவேன். விரலிடுக்குகள் வெடித்துப்போய், முகம் கழுவினால் கண்ணைவிடக் கை அதிகம் எரியும்.

என் கணவரும் என் தம்பியும் ஏறுகிறவர்கள். அவருக்குக் கூட்டத்தில் ஒட்டடைக்குச்சி என்று பெயர். அவ்வளவு உயரம், அவ்வளவு ஒல்லி. பாரத்தைக் கயிற்றில் மேலேற்றும் விஞ்சு உருளையைச் சுற்றுகிறவரை விஞ்சண்ணன் என்போம். கயிறு பிடிக்க இன்னும் சிலர். காண்ட்ராக்டர் காரில் வருவார், கார் கண்ணாடியை இறக்கி அண்ணாந்து பார்ப்பார், போய்விடுவார்.

அந்த வட்டாரம் முழுவதற்கும் டிவி படம் அந்தக் கோபுரத்திலிருந்துதான் போய்க்கொண்டிருந்தது. பழைய முறையை நிறுத்திவிட்டு டிஜிட்டலுக்கு மாற அரசாங்கம் தேதி குறித்துவிட்டது. அதுவரை பழையதும் ஓடவேண்டும், புதியதும் தயாராகவேண்டும். பழைய ஆன்டெனாவுக்கு மேலே, உச்சியில், புதிய ஆன்டெனாப் பலகைகளை ஒவ்வொன்றாக ஏற்றி மாட்டுவது எங்கள் வேலை. மாறிய பிறகு எங்கள் வீட்டுப் பழைய டிவியில் படம் வராது. அதற்கென்று விற்கும் புதுப் பெட்டியை வாங்க எங்களுக்கு வக்கில்லை. “பந்தல் போடறவனுக்கு என்னிக்குப் பந்தி வச்சாங்க?” என்பார் என் கணவர்.

ஓடிக்கொண்டிருக்கும் ஆன்டெனாவின் அருகே மனிதன் நிற்கக் கூடாது. அதில் தீ தெரியாது, புகை வராது. ஆனால் கிட்டே போனால் உடம்பு உள்ளிருந்து வேகும். உலோகத்தைத் தொட்ட இடத்தில் தோல் பொரியும். அதனால் ஊர் எழுந்து டிவி போடுவதற்கு முன், ஒளிபரப்பை நிறுத்திவிட்டு ஏறுவோம். கோபுரத்தடியில் இருக்கும் நிலையத்துக் கூடத்தில், படத்தை மேலே அனுப்பும் பழைய டிரான்ஸ்மிட்டருக்கு ஒரு பித்தளைச் சாவி உண்டு. திருப்பி உருவினால் இயந்திரம் செத்துப்போகும். முதலில் ஏறுகிறவன் அந்தச் சாவியைத் தன் பையில் போட்டுக்கொண்டு ஏறவேண்டும். அவன் இறங்கி வந்து கொடுக்கும்வரை எப்பேர்ப்பட்ட அதிகாரி வந்தாலும் அதை ஓட்ட முடியாது. இந்த வேலைக்கு வந்தவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிக்கொடுத்த முதல் பாடம் அது. முதலில் ஏறுகிறவர் என் கணவர் என்பதால் அவர் சட்டைப்பைக்கு மூடி வைத்துத் தைத்து, இறுக்கமாக ஒரு பொத்தானும் வைத்திருந்தேன்.

“ஊரு பூரா பாக்கற நாடகம் என் பையில கெடக்குது பாத்தியா” என்று அன்றைக்கும் பையைத் தட்டிக் காட்டினார்.

“மாமா, அவ்வளவு ஒசரம் போறீங்களே, கடவுள் கண்ல படறாரா?” என்றான் தம்பி.

“படறாரு மாப்ளே. அவரும் நம்ம காண்ட்ராக்டரத்தான் தேடிக்கிட்டு இருக்காரு. பழைய பாக்கியாம்.”

விஞ்சண்ணன் சிரித்துச் சிரித்து இருமினார். என் கணவரும் தம்பியும் ஏறினார்கள்.

காண்ட்ராக்டர் கொடுத்த இடுப்புப் பட்டைகளில் ஒரே கொக்கி. இரண்டு கொக்கி இருந்தால் ஒன்றைக் கழற்றும்போது மற்றது மாட்டியிருக்கும். ஒன்றே இருந்தால், அதைக் கழற்றி அடுத்த கம்பியில் மாட்டும் அந்த ஒரு கணம் மனிதனை அவன் கைகள் மட்டும்தான் பிடித்திருக்கும். இரண்டு கொக்கிப் பட்டை கேட்டு என் கணவர் பலமுறை போய் நின்றார். “கைதான் ரெண்டு இருக்கே” என்று காண்ட்ராக்டர் சொல்லிவிட்டார்.

கிழக்கு வெளுத்தபோது மேலே தம்பி கத்தினான். என்ன வார்த்தை என்று விளங்கவில்லை. நிமிர்ந்து பார்த்தேன். அவர் வந்துகொண்டிருந்தார். வாய் திறக்கவில்லை. கைகளை மட்டும் முன்னால் நீட்டியிருந்தார், யாரிடமோ காட்டுவதுபோல.

விழுந்த சத்தத்தை எழுத மாட்டேன்.

ஓடிப்போய்த் தலையை மடியில் எடுத்தேன். உயிர் இல்லை. உள்ளங்கை இரண்டும் வெந்து தோல் சுருண்டிருந்தது. தம்பி எப்படி இறங்கி வந்தான் என்று அவனுக்கே தெரியாது. “பலகை சுட்டுச்சுக்கா, மாட்டி வச்ச பலகை சுட்டுச்சு” என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

விஞ்சண்ணன் கூடத்துக்குள் பாய்ந்தார். பழைய டிரான்ஸ்மிட்டர் செத்துத்தான் கிடந்தது. அதன் பக்கத்தில் புதிதாக வந்திறங்கிய வெள்ளை அலமாரியில் பச்சை விளக்கு எரிந்தது. உள்ளே விசிறி உறுமியது. நிலையத்து இன்ஜினியர் தூக்கக் கலக்கத்தோடு அதன்முன் நின்றுகொண்டிருந்தார்.

“யாரு சார் போட்டது?”

“இங்க யாரும் போடல. தலைமை நிலையத்துல இருந்து போட்டிருக்காங்க. மாட்டின வரைக்கும் வேலை செய்யுதான்னு சோதனை.”

“சாவி எங்க ஆளுகிட்டல்ல இருக்கு?”

“அது பழசுக்கு. இதுக்குச் சாவியே கிடையாதுப்பா. எல்லாம் அங்கிருந்தேதான்.”

இத்தனை நாளும் நாங்கள் அந்த அலமாரிக்கு முன்னால்தான் செருப்பைக் கழற்றிவிட்டுப் போய்வந்தோம். இதற்குச் சாவி எது என்று நாங்கள் கேட்கவில்லை, இதற்குச் சாவி இல்லை என்று அவர்களும் சொல்லவில்லை.

இன்ஜினியர் வெளியே வந்தார். உடம்பைப் பார்த்தார், கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைத் திரும்பிப் பார்த்தார், மறுபடி உடம்பைப் பார்த்தார். காலை ஒளிபரப்புக்கு நேரமாகிவிட்டது. கேட்க வாய் வராமல் தன் சட்டைப்பையைத் தானே தொட்டுக் காட்டினார். எல்லாரும் அப்படியே நின்றார்கள். என் இறுக்கமான பொத்தானை வேறு யாராலும் சட்டென்று கழற்ற முடியாது. நானே கழற்றி எடுத்துக் கொடுத்தேன். சாவி இன்னும் சூடாக இருந்தது.

அவரைத் தார்ப்பாயில் சுற்றிக்கொண்டிருந்தபோது வாசலிலிருந்த டீக்கடை டிவியில் படம் வந்தது. ஏதோ நகைச்சுவைக் காட்சி. நேரம் தவறவில்லை.

மாலையில் அடக்கம். மண்ணைத் தள்ளி முடித்து, இடுகாட்டு வாசலில் கால் கழுவிக்கொண்டிருக்கையில் காண்ட்ராக்டரின் கார் வந்தது. அன்றைக்கு இறங்கி நடந்தே வந்தார்.

“உன் வீட்டுக்காரரும் கொஞ்சம் சூதானமா இருந்திருக்கலாம்மா. கொக்கியக் கழட்டுற நேரத்துல கைய விடலாமா?”

“கை வெந்தா விடத்தான் செய்யும் சார்.”

அவர் தம்பி பக்கம் திரும்பிக்கொண்டார். “இன்னும் நாலு பலகை கெடக்கு. காலைல ஏறிடு. தேதி யாருக்காகவும் நிக்காது.”

“மறுபடியும் அங்கிருந்து போட்டாங்கன்னா?” என்றார் விஞ்சண்ணன்.

“போட மாட்டாங்க. போன்ல சொல்லிட்டேன்.”

“யாருகிட்ட சொன்னீங்க?”

“ஒரு பொண்ணு எடுத்துச்சு. சொல்லிடறேன்னுச்சு.”

“பேரு?”

“பேரக் கேட்டு நான் என்ன சம்பந்தமா பேசப்போறேன்? உன் வேலை விஞ்சு. அதச் சுத்து.” பிறகு தம்பியின் தோளில் கை போட்டார். குரல் மெத்தென்று ஆகிவிட்டது. “உங்க அக்காவுக்கு ஒரு தொகை குடுக்கலாம்னு மனசுல வச்சிருக்கேன். நீ ஏறி முடிச்சா, கையில குடுத்துடறேன். நீ ஏறலன்னா எனக்கே நஷ்டம், நான் எங்கிருந்து குடுக்க? அவ சாப்பாடு இப்ப உன் கையில இருக்கு. பாத்துக்க.”

காரில் ஏறும்முன் செருப்பில் ஒட்டிய மண்ணைக் கல்லில் தேய்த்துவிட்டுப் போனார்.

வீட்டுக்கு வந்ததும் தம்பி என் முகத்தைப் பார்க்காமல் சொன்னான்: “ஏறிடறேன்க்கா. நாலு பலகைதான.”

“உங்க மாமாவும் இன்னிக்கு ஒரு பலகைன்னுதான் போனாரு.”

“அப்புறம் நீ எப்படிக்கா?”

“நீயும் விழுந்தா அதுக்கும் ஒரு தொகை குடுப்பாரா? உன் பொண்டாட்டியும் நானும் எதிரெதிரா உக்காந்து யாருக்கு எவ்வளவுன்னு எண்ணிப் பாக்கவா?” அவன் தலையைக் கவிழ்த்துக்கொண்டான். “காசு வேணாம்னு சொல்லல. செத்தவரோட உரிமை அது, வாங்காம விடமாட்டேன். உன்னை அடகு வச்சு வாங்க மாட்டேன். நீ ஏறினா, அந்தக் கோபுரத்தடியில என்னை நீ பாக்க முடியாது.”

அவன் வாய்விட்டு அழுதது அப்போதுதான். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தான்.

வாசலில் உட்கார்ந்திருந்த எங்கள் கூட்டத்து ஆட்கள் எல்லாம் கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். விஞ்சண்ணன் எழுந்து வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“தங்கச்சி சொல்றதுதான் சரி. நான் சுத்தலன்னா ஒரு ஆணிகூட மேல போகாது. நாளைக்கு நான் சுத்தல.”

“கயிறும் பிடிக்கல” என்றான் ஒருவன். இன்னொருவன், “வீட்ல வாடகை கேட்டா என்ன சொல்ல?” என்று முனகினான். “கேட்டா, நாங்களும் எங்களுக்கு வரவேண்டியதத்தான் கேட்டுக்கிட்டு இருக்கோம்னு சொல்லு” என்றார் விஞ்சண்ணன். முனகியவனும் அங்கிருந்து எழுந்து போகவில்லை.

கேட்கவேண்டியதைப் பேசி முடிவு செய்தோம். ஆள் மேலே இருக்கும்வரை புதிய இயந்திரத்திலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிளைக் கழற்றி, அதன் நுனியை வெளியே எங்கள் கண்முன் கொண்டுவந்து போடவேண்டும். பட்டைக்கு இரண்டு கொக்கி. அவர் சாவுக்கான இழப்பீடு, யார் ஏறினாலும் ஏறாவிட்டாலும்.

மறுநாள் விடியலில் எல்லாரும் போனோம். இரும்பு வழக்கம்போல வியர்த்திருந்தது. துடைக்க ஆளில்லை. கோபுரத்தடியில், அவர் விழுந்த இடத்தை விட்டுத் தள்ளி, வட்டமாக உட்கார்ந்தோம். அங்கே யாரோ மணலைக் கொட்டிச் சமப்படுத்தி வைத்திருந்தார்கள்.

காண்ட்ராக்டரின் காருக்குப் பின்னால் ஒரு லாரியும் வந்தது. அதிலிருந்து வேறு கூட்டம் இறங்கியது; வேறு ஊர்க் கோபுரங்களில் வேலை செய்கிற ஆட்கள். அவர்களுக்கு மூப்பன்போல இருந்தவனை மொட்டை என்று கூப்பிட்டார்கள். தலை அப்படி இருந்தது.

விஞ்சண்ணன் எங்கள் கோரிக்கையைச் சொன்னார். காண்ட்ராக்டர் கேட்டு முடித்தார்.

“கேபிளக் கழட்டி மாட்டினா மறுபடி எல்லாத்தையும் சரிபாக்க ரெண்டு மூணு நாள் ஆகும். தேதிக்கு டிவி கறுப்பாப் போகும். ஊரு என்னைக் கல்லால அடிக்கும்.”

“ஆளு செத்தா அடிக்காதா சார்?” என்றான் தம்பி.

“நேத்து அடிச்சுதா?”

அவர் லாரியைக் காட்டினார். “ஆளுக்கா பஞ்சம்? நீங்க உக்காந்தே இருங்க.”

மொட்டை பட்டையை இறுக்கிக்கொண்டே எங்களைத் தாண்டிப் போனான். அதிலும் ஒரே கொக்கி. என் அருகில் வந்ததும் நடை தளர்ந்தது.

“செத்தது உங்க ஆளாக்கா?”

“என் வீட்டுக்காரர்.”

“குடிச்சிருந்தாருன்னாங்க.”

தம்பி துள்ளி எழுந்தான். விஞ்சண்ணன் அவன் சட்டையைப் பிடித்து உட்காரவைத்தார். நான் மொட்டையின் முகத்தைப் பார்த்துச் சொன்னேன்: “அவர் சாவியோட ஏறினாரு.”

மொட்டை நின்றான். “சாவி கையில இருக்கும்போதா?”

“பையில இருந்துச்சு. நான்தான் எடுத்தேன். புது மெஷினுக்குச் சாவியே கெடையாதாம் தம்பி. தலைமை நிலையத்துல இருந்தே போடறாங்க. நீங்க மேல இருக்கீங்களான்னு அங்க யாருக்கும் தெரியாது.”

அவன் கூடத்தின் பக்கம் காதைக் கொடுத்தான். விசிறியின் உறுமல் வெளியே கேட்டது. பிறகு தன் கூட்டத்தில் ஒருவனைத் திரும்பிப் பார்த்தான். அந்த ஆள் கேட்காமலே முழுக்கைச் சட்டையைச் சுருட்டிக் காட்டினான். முழங்கைவரை தோல் உரிந்து, புதுத் தோல் இளஞ்சிவப்பாக வந்துகொண்டிருந்தது.

“வெயில்னு சொன்னீங்க சார்” என்றான் மொட்டை, காண்ட்ராக்டரிடம். கோபம் இல்லாமல், நிதானமாக.

“வெயில்தான். ஏறு.”

“நாங்க விடியறதுக்குள்ளதான சார் ஏறுவோம். எந்த வெயில்?”

மொட்டை பட்டையை அவிழ்த்து லாரிக்குள் எறிந்தான். கொக்கி தகரத்தில் மோதிய சத்தத்துக்கு மற்றவர்களும் திரும்பினார்கள். ஒருவன் தயங்கினான், வீட்டில் யாரையோ நினைத்திருப்பான். பிறகு அவனும் அவிழ்த்தான்.

“போலீஸ் வரும்” என்றார் காண்ட்ராக்டர். “ஒருத்தனுக்கும் இனி எந்தக் கோபுரத்துலயும் வேலை கெடையாது.”

“போலீஸ் வரட்டும் சார்” என்றார் விஞ்சண்ணன். “அவங்களையாவது ஏறச் சொல்லிப் பாருங்க.”

காண்ட்ராக்டர் காருக்குள் போய்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனில் பேச ஆரம்பித்தார். கேபிளை யாரும் கழற்றவில்லை. விசிறி உறுமிக்கொண்டுதான் இருந்தது.

வெயில் ஏறியது. அந்தப் பொட்டலில் வேறு நிழல் இல்லை; கோபுரத்தின் நிழல் மட்டும் ஒரு கோடுபோல நீண்டு கிடந்தது. அதற்குள் அடங்கவேண்டுமென்றால் வட்டமாக உட்கார முடியாது. வந்தவர்களும் நாங்களும் ஒருவர் பின் ஒருவராக ஒரே வரிசையில் உட்கார்ந்தோம். நிழல் நகர நகர எல்லாரும் சேர்ந்து நகர்ந்தோம். தோல் உரிந்த கைக்காரனுக்கு மட்டும் இடம் போதாமல் பாதி உடம்பு வெயிலில் இருந்தது.

“கொஞ்சம் தள்ளுங்கக்கா” என்றான்.

தள்ளி உட்கார்ந்தேன்.