வெறும் ஹால்

இந்த யோசனை எங்கிருந்து வந்தது என்று கேட்டவர்களிடமெல்லாம் ஜாய்ஸ் தன் போனைத்தான் காட்டினாள். இன்ஸ்டாகிராமில் பார்த்தாளாம். ஜப்பானோ டென்மார்க்கோ, எவனோ வெள்ளைச் சுவரும் ஒற்றைப் பெஞ்சுமாக வைத்திருக்கிற வீடு. அதற்கு மினிமலிஸ்ட் என்று பெயரும் சொன்னாள். பள்ளிக்கூடத்தில் அவளோடு வேலை பார்க்கும் டீச்சர்கள், "நல்லாத்தான் இருக்கு, வர்றவுக எங்க உக்காருவாக?" என்று கேட்டுவிட்டு வேறு பேச்சுக்குப் போய்விட்டார்கள்.

பச்சைப் பொய். அவள் அதைப் பார்த்தது திருநகரில், தன் சொந்த வீட்டில், மாமியார் தெரசா இறந்த அன்று.

அன்று காலையில் தெருக்காரர்கள் கூடி ஹாலைக் காலி செய்தார்கள். எந்த வீட்டிலும் நடப்பதுதான். ஃப்ரீசர் பெட்டி வைக்க இடம் வேண்டும், பெண்கள் அதைச் சுற்றி உட்கார இடம் வேண்டும். சோபா, டீப்பாய், டிவி ஸ்டாண்டு, வேளாங்கண்ணிச் சங்குகளும் பிளாஸ்டிக் பூக்களும் அடைத்த ஷோகேஸ் எல்லாம் கொல்லைப்பக்கம் போயின. பெட்டியின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்த ஜாய்ஸ், அப்போதுதான் அந்தக் கிழக்கு ஜன்னலை முழுசாகப் பார்த்தாள். கல்யாணமாகி வந்த நாளிலிருந்து அதை ஷோகேஸ் மறைத்துக்கொண்டு நின்றது. வெயில் தாராளமாக உள்ளே வந்து மொசைக் தரை முழுக்கப் பரவியிருந்தது. 'அட, நம்ம ஹால் எம்புட்டு அழகு!' என்று மனசுக்குள் வந்துவிட்டது.

வந்த வேகத்திலேயே, நானெல்லாம் என்ன ஜென்மம் என்று தன்னையே திட்டிக்கொண்டு வாய்விட்டு அழுதாள். மருமகள் என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று சுற்றி இருந்த பெண்கள் மெச்சினார்கள். அந்த மெச்சலைத்தான் அவளால் இன்றுவரை ஜீரணிக்க முடியவில்லை.

அடக்கம் முடிந்த மறுநாளே சாமான்கள் எல்லாம் பழையபடி உள்ளே வந்துவிட்டன. அன்றைக்குப் பிடித்தது சனி. ஹாலில் அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை. சோபாவில் உட்கார்ந்தால் ஷோகேஸ் கண்ணை உறுத்தும். எழுந்து அதைத் துடைக்கப் போனால் டீப்பாய் காலில் இடிக்கும். காப்பியைக்கூட அடுப்படியில் நின்றபடியே குடித்தாள். ஆசையைச் சொல்ல வாயும் வரவில்லை, விட மனசும் வரவில்லை. மாமியாரோடு பகையா என்றால் அதுவும் கிடையாது. காய்ச்சலில் கிடந்தபோது அவளுக்குத் தலைவாரிப் பின்னிவிட்ட மனுஷி தெரசா. அதனால்தான் இந்த ஆசை அவளை இப்படி வதைத்தது.

முதல் வருஷப் பூசை முடிந்த பிறகு, ஒருவழியாகப் புருஷனிடம் போனை நீட்டினாள். மெர்வின் வங்கியில் கிளார்க். எதிலும் தலையைக் கொடுக்காத ஆள். "அப்பா சரின்னா எனக்கும் சரி" என்று நழுவிவிட்டான்.

அப்பா சத்தியசீலன் மிஷன் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்து ஓய்வு பெற்றவர். போனை வாங்கி, அந்த வெள்ளை அறையை வெகுநேரம் பார்த்தார்.

"இதை எங்கம்மா பாத்த?"

"போன்லதான் மாமா."

அவர் நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தார். பிறகு, "செய்யும்மா" என்றார்.

அவர் ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லியிருந்தால்கூட ஜாய்ஸுக்கு நிம்மதியாக இருந்திருக்கும். பெண்டாட்டி தேடித்தேடி வாங்கிச் சேர்த்த சாமான்களை இந்த மனுஷர் எப்படி இவ்வளவு லேசாக விட்டுக்கொடுக்கிறார்? நல்ல மனசா, இல்லை மருமகளோடு எதற்கு வம்பு என்றா? தூக்கம் போனதுதான் மிச்சம்.

சனிக்கிழமை காலையில் சுமைதூக்கும் அழகுபாண்டி ஆட்களோடு வந்துவிட்டான். சாமான்களையெல்லாம் சோழவந்தான் பக்கம் உள்ள ஒரு முதியோர் இல்லத்துக்குக் கொடுப்பதாக ஏற்பாடு. குட்டியானை வண்டி வருவதற்குள் ஆட்கள் எல்லாவற்றையும் தூக்கித் தெருவில் வரிசையாக வைத்தார்கள். சோபா வெயிலில் நின்றது. பக்கத்திலேயே ஷோகேஸ்.

எதிர்வீட்டு ஜெயக்கொடி காய்கறிப் பையோடு தெருமுனையில் திரும்பினாள். பார்த்தாள். பையை அப்படியே போட்டுவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு ஓடிவந்தாள்.

"அய்யோ, வாத்தியாரு சாரு! எப்ப ஆத்தா, ஜாய்ஸ்? நேத்துக்கூட நல்லாத்தானே பேசிக்கிட்டு இருந்தாரு! எதிர்வீட்டுக்கு ஒரு வார்த்தை சொல்லக்கூடாதா?"

போர்டிகோவில் விரிந்திருந்த செய்தித்தாள் மெல்லக் கீழே இறங்கியது. "இன்னும் இல்ல ஜெயக்கொடி. போறப்ப சொல்லிட்டுப் போறேன்" என்றார் சத்தியசீலன்.

அழகுபாண்டி சிரிப்பு தாங்காமல் சோபாவிலேயே உட்கார்ந்துவிட்டான். ஜெயக்கொடிக்கு வெட்கமும் கோபமும் சேர்ந்து வந்தன. "சோபாவும் டிவி ஸ்டாண்டும் தெருவுக்கு வந்தா வேற என்னத்த நெனைக்கிறது? வயித்துல புளியக் கரைச்சிட்டீகளே!" என்றாள். தெருவே சிரித்தது. ஜாய்ஸுக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை. தான் ஒளித்து வைத்திருந்ததை ஜெயக்கொடி நடுத்தெருவில் வைத்து உரக்கப் படித்துவிட்டதாகவே அவளுக்குப் பட்டது.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. பூசைக்குப் போய்வந்ததும் மெர்வின் கறி வாங்கக் கிளம்பிவிட்டான். ஹால் அவள் ஆசைப்பட்டபடியே இருந்தது. சுவரோரம் தாழ்வான ஒரு பெஞ்சு, அதற்கு மேலே திருஇருதயப் படம். வேறு ஒன்றும் கிடையாது. ஜன்னல் வெயில் தரை முழுக்க. பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தாள், உட்கார முடியவில்லை. எழுந்து அடுப்படிக்குப் போனாள், திரும்பி வந்தாள், மறுபடி போனாள். அப்போதுதான் கவனித்தாள். அத்தனை இடம் கிடக்கும்போது அவள் சுவரை ஒட்டியே போய்க்கொண்டிருந்தாள். நடுவில் கால் வைக்கவில்லை.

யோசித்துப் பார்த்தால், காலையில் மெர்வினும் பெஞ்சில் முழங்காலை இடித்துக்கொண்டு ஓரமாகத்தான் போனான். இப்போது சத்தியசீலன் தன் அறையிலிருந்து வந்தார். அவரும் சுவரில் கையை ஊன்றியபடி சுற்றிக்கொண்டு வந்தார். ஒன்றுமே இல்லாத ஓர் இடத்தை மூன்று பேரும் சுற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள்.

ஜாய்ஸால் அதற்கு மேல் பொறுக்க முடியவில்லை.

"மாமா, சோபாவத் திரும்பக் கொண்டாரச் சொல்லிரவா?"

"ஏம்மா?"

"நான் இதைப் போன்ல பாக்கல மாமா. அத்தை செத்த அன்னைக்குத்தான் பாத்தேன். அவுகள நடுவுல வச்சுக்கிட்டு, ஹால் எம்புட்டு அழகா இருக்குன்னு நெனச்சேன். நான் பாவி மாமா." அவள் தேம்பினாள்.

"தெரியும்" என்றார் அவர்.

ஜாய்ஸ் அழுகையை நிறுத்திவிட்டு அவரைப் பார்த்தாள்.

"அன்னைக்கு என்னைய வாசப்பந்தல்ல சேர் போட்டு உக்கார வச்சுட்டாங்க. வர்ற ஆம்பளைங்களுக்குக் கை குடுக்கணும்ல? பொழுதன்னைக்கும் அங்கதான். உள்ளயே பாத்துக்கிட்டு இருந்தேன். நீ தலையத் தூக்கி ஜன்னலப் பாத்த, செவுத்தப் பாத்த. ஒம் மூஞ்சியிலயே எல்லாம் தெரிஞ்சுச்சு."

"ஒங்களுக்குக் கோவம் வரலையா மாமா?"

"வந்துச்சு. ரொம்ப நாள் இருந்துச்சு." அவர் நடுத்தரையைப் பார்த்தார். "என்ன நெனச்சிருந்தாலும் நீ அவ பக்கத்துல இருந்த. எனக்கு அதுக்குக்கூடக் குடுத்து வைக்கல. சேர்லருந்து பாத்தா அவ காலு மட்டுந்தான் தெரிஞ்சுச்சு. தூக்குறப்பதான் உள்ள விட்டாங்க. ஹாலக் காலி பண்ணணும்னு நீ கேட்டதும், அவ கெடந்த எடத்துக்கிட்ட உக்காரலாம்னுதான் சரின்னேன். ஆனா நேத்துலருந்து பக்கத்துல போகக் கால் வரமாட்டேங்குது."

ஜன்னலுக்கு வெளியே பால்காரரின் வண்டி போகும் சத்தம் கேட்டது. சத்தியசீலன் சுவரிலிருந்து கையை எடுத்தார்.

"அன்னைக்கு நீ எங்கம்மா உக்காந்திருந்த?"

ஜாய்ஸ் நடுவே போய்த் தரையைக் காட்டினாள். அவர் வந்து அவள் தோளைப் பிடித்துக்கொண்டார். முழங்கால் மடங்க மறுத்தது. மெல்லமெல்ல இறங்கி, அவள் காட்டிய இடத்தில் உட்கார்ந்தார். எதிரே வெயில் விழுந்த தரையில் உள்ளங்கையை வைத்தார். பிறகு அழுதார், வாய்விட்டே அழுதார். அந்த மனுஷர் அழ அன்றைக்கு யாரும் இடம் விடவில்லை. ஜாய்ஸ் கொஞ்சம் தள்ளி அவரோடு உட்கார்ந்தாள்.

மெர்வின் கறிப்பையோடு வந்து வாசலில் நின்றான். "என்னாச்சுப்பா?" என்றான்.

"ஒண்ணுமில்ல, வா. அம்மாகிட்ட உக்காரு."

அவன் பையை வாசலிலேயே வைத்துவிட்டு, ஓரம் ஒதுங்காமல் நேராக நடுவுக்கு வந்தான்.