எபோவின் அறைக்குப் போன கேள்விகள்

“எங்க வீட்டு சமாச்சாரமெல்லாம் உன் ரூமுக்குள்ள எதுக்குடா போகுது? சொல்லு!”

வீட்டுக்காரம்மா மாமே கார்ட்டி முற்றத்தில் நின்று போட்ட சத்தத்தில் செக்கொண்டித் தெருவே கதவைத் திறந்தது. முற்றத்தை ஒட்டிய என் வாடகை அறையின் கதவு முன்பே திறந்துதான் இருந்தது. அடுப்பில் மக்காச்சோள மாவு உருண்டை, கென்கி, வெந்துகொண்டிருந்தது. காது மட்டும் அடுப்பில் இல்லை.

“சமாச்சாரம் போகல ஆன்ட்டி. நெட்டுல நீங்க திறக்கற தளத்தோட பேரு மட்டுந்தான் போகுது,” என்றான் எபோ. கோடி அறையில் குடியிருப்பவன், துறைமுகத்தில் கணினி பார்ப்பவன். வீட்டுக்காரம்மாவின் ரவுட்டரைப் பொருத்தித் தந்ததும் அவன்தான்.

வினை அவன் மீட்டரில் வந்தது. எங்கள் வீட்டில் அறைக்கு ஒரு மின் மீட்டர், முன்பணம் போட்டால்தான் ஓடும். பணம் தீர்ந்தால் அந்த அறை மட்டும் இருட்டு. எபோ வெளியூர் போயிருந்தபோது அவன் அறை இருண்டது. கூடத்து ரவுட்டரில் விளக்கு எரிந்தும் யார் போனிலும் எதுவும் திறக்கவில்லை. மாமேயின் அண்ணன் மகன் குவெக்கு ரவுட்டரின் அமைப்பைத் திறந்து பார்த்து, “அத்தே, நாம எந்தத் தளத்தைக் கேட்டாலும், அது எங்க இருக்குன்னு எபோ ரூமுல இருக்கிற பெட்டிகிட்டதான் இது விசாரிக்குது. வேற யார்கிட்டயும் கேக்கறதில்ல,” என்றான்.

சும்மாவே சந்தேகப்படுகிறவள் மாமே. அந்த வாரந்தான் கேப் கோஸ்ட் ஊர் மாப்பிள்ளை வீட்டார், அவள் மகள் அராபாவைப் பெண் கேட்டுக் கதவு தட்ட வரவில்லை என்று சொல்லியனுப்பியிருந்தார்கள். பெண்ணைப் பற்றி ரகசியமாக விசாரித்துவிட்டுத்தானே மதுப்புட்டியோடு வருவார்கள்? யாரோ ஏதோ சொல்லியிருக்க வேண்டும்.

“அந்தப் பெட்டி விளம்பரத்தைத் தடுக்கும் ஆன்ட்டி. ஒருதடவை கேட்டதை ஞாபகம் வச்சுக்கிட்டு அடுத்த தடவை சட்டுனு சொல்லும்.”

“ஞாபகம் வச்சுக்குமாமே! கேட்டீங்களா எல்லாரும்? எம்பொண்ணு எதைப் பார்க்கிறான்னு தெரிஞ்சுக்கிட்டு அந்தக் கேப் கோஸ்ட்காரிகிட்ட ஊதியிருக்கே!”

“யார் கேட்டாங்கன்னு அது எழுதி வைக்காது. அதை நான் நிறுத்திட்டேன்.”

“யாருடா சாட்சி? பொழுது சாயறதுக்குள்ள ரூமைக் காலி பண்ணு.”

துணியை உலர்த்திக்கொண்டிருந்த அராபா திரும்பினாள்.

“நான் சாட்சி. அவன் நிறுத்தினதை நான் பார்த்தேன். பெட்டி கட்டில் பக்கத்துலதானே இருக்கு?”

மாமே மகள் பக்கம் திரும்பினாள்.

“கட்டிலு எங்க கிடக்குன்னு உனக்கு எப்படிடீ தெரியும்?”

அராபா ஈரத் துணியைக் கீழே போட்டாள். “கேப் கோஸ்ட் அத்தைக்கு போன் பண்ணி வராதீங்கன்னு சொன்னதும் நான்தாம்மா. இவனைத் துரத்தாதே.”

என் கென்கி அடிபிடித்தது அப்போதுதான்.

அறை காலியாகவில்லை. பெட்டி அணைந்தால் இனி இணைய இணைப்புத் தரும் நிறுவனத்திடம் கேட்கும்படி, குவெக்கு ரவுட்டரில் இரண்டாவது முகவரியும் சேர்த்தான். எபோவின் மாமன்மார் புட்டிகளோடு வந்து கதவு தட்டினார்கள். மாமே மூடியை முகர்ந்து பார்த்து, போலியில்லை என்று தெரிந்தபிறகே வாங்கிக்கொண்டாள். கல்யாணம் முடிந்து இருவரும் டெமாவுக்குக் குடிபோனார்கள். பெட்டியும் கூடவே போனது. எங்களுக்குத்தான் மறுபடி விளம்பரம்.

குவெக்கு இப்போதும் ரவுட்டர் பார்க்க அடிக்கடி வருகிறான். ரவுட்டர் இருப்பது கூடத்தில். அவன் நிற்பதோ எதிர் அறைத் தையற்காரி எஃபுவாவின் வாசலில்.