தரகுச் செடி

1.
இந்தக் கதை ஒரு கோபத்தில் பிறந்தது. கோபம் என்னுடையதல்ல, திரைச்சீலைக் கடைக்காரர் ஒருவருடைய மனைவியின் கோபம். நான் இரவல் வாங்கியிருக்கிறேன்.

முதல் வரி: 'வசந்தம் வந்தது, தோட்டம் சிரித்த...' வேண்டாம். இந்தச் சரக்கு எல்லாக் கடையிலும் கிடைக்கும்.

வேறு வரி: கடைக்காரருக்கு நீட்டிக்கொண்டிருப்பது எதுவும் ஆகாது. துணியோரத்தில் ஒரு நூல் தெரிந்தாலே கை கத்தரிக்குப் போகும். ஜன்னலடியில் மனைவி வைத்த புதர்ச்செடியையும் குளிர்காலம்தோறும் வெட்டிவிடுவார். அதுவோ, கோடையில் வளர்ந்த கிளையில் மொட்டுக் கட்டி, குளிர் போனதும் மஞ்சளாகப் பூக்கிற ஜாதி. [செடி வளர்ப்போருக்கு: பூத்து முடிந்த பிறகு வெட்டுங்கள். கதையில் உருப்படியான வரி இது ஒன்றுதான்.]

2.
இந்தக் குளிரிலும் வெட்டிவிட்டு, "பாத்தியா, பந்து மாதிரி இருக்கு!" என்றார்.

"இது பூக்குற வரைக்கும் உங்ககூடப் பேச்சு கிடையாது" என்றாள் மனைவி.

மறுநாள் ஜன்னல் திறந்தது. "ஏ செடியே, சாப்பாடு ஆறுதுன்னு அந்த ஆள்கிட்ட சொல்லு."

அவர் அசரவில்லை. தரகர் வைத்துப் பேசுவது தொழிலில் பழக்கம்தானே? அதுவும் கமிஷன் கேட்காத தரகர். "நேத்து உப்பு கம்மின்னு வீட்டம்மாகிட்ட சொல்லிடுப்பா."

"நாக்கு செத்துப்போச்சான்னு கேளு!"

[செடிக்கும் ஒரு வசனம் கொடுக்கலாமென்று பார்த்தேன். வாயைத் திறந்தால் முதலில் கத்தரியைப் பற்றித்தான் பேசும். விட்டுவிட்டேன்.]

3.
முன்பெல்லாம் இருவருக்கும் இருந்த பேச்சு 'பால் வாங்கியாச்சா', 'ஆச்சு', அவ்வளவுதான். இப்போது?

"சின்ன வயசுல பாட்டு கத்துக்க ஆசைப்பட்டேன்னு சொல்லு."

"என்கிட்ட சொன்னதே இல்லையேன்னு கேளுப்பா."

"அந்த ஆள் கேட்டாத்தானேன்னு சொல்லு!"

கடைக்காரர் சீக்கிரமே கடையடைக்கத் தொடங்கினார்.

4.
பிறகு குளிர் போயிற்று. சுவரோரமாக, கத்தரிக்குத் தப்பிய குச்சியில் ஒரே ஒரு மொட்டு. முதலில் பார்த்தவர் அவர்தான். பூத்தால் தரகருக்கு வேலை போய்விடும். திரும்பவும் பால், திரும்பவும் 'ஆச்சு'. நேரே என்னிடம் வந்துவிட்டார்.

"சார், அந்த மொட்டு வரியை அடிச்சிடுங்க."

"எழுதியாச்சேங்க."

"தப்பா வெட்டுன துணியையே நாங்க மாத்திக் குடுக்கறோம். ஒரு வரிதானே?"

"முடியாது."

"சரி, பூக்கட்டும். அவ கண்ணுல படாம பூக்கட்டும்."

"ஜன்னலுக்கு நேரா இருக்கு."

"உங்களுக்கும் வேணாம், எனக்கும் வேணாம். ஒரு வாரம் தள்ளி..."

பேரம் படிவதற்குள் ஜன்னல் திறந்துவிட்டது. அவள் மூக்குக்கெதிரே முழு மஞ்சளில் ஒரு பூ. பூவைப் பார்த்தாள். கையைப் பிசைந்துகொண்டு நின்ற கணவரைப் பார்த்தாள். பேச வாயெடுத்தாள்.

'ஏ செடியே' என்றாளா, 'ஏங்க' என்றாளா? இரண்டையும் எழுதிப் பார்த்து அடித்துவிட்டேன். வாசகரே, நீங்களே சொல்லுங்கள். பேரத்தில் முதலில் வாயைத் திறப்பவன் தோற்பான் என்று வளர்த்துவிட்டார்கள் என்னை. சீக்கிரம், மனுஷன் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்.