வேண்டாததை அடிக்கவும்

ஆபீஸ் கதவுக்கு வெளியே காலர்க்காரி அரை மணி நேரமாக நின்றுகொண்டிருந்தாள். சட்டைக் கம்பெனியில் காலர் தைக்கிறவளுக்கு அதுதான் பெயர். பெற்றவர்கள் வைத்தது சம்பளச் சீட்டில் மட்டும் இருந்தது. பிள்ளை பெற்று மூன்று மாதம் கழித்து இன்றைக்குத்தான் வேலைக்குத் திரும்பியிருக்கிறாள். கையில் ஒரு படிவம். பிள்ளைக்குத் தாய்ப்பாலா, புட்டிப்பாலா என்று கம்பெனிக்குத் தெரியவேண்டுமாம்.

தாய்ப்பால் என்றால் நூல் வெட்டும் பிரிவு. பக்கத்திலேயே பிள்ளைகள் அறை. நடுவே இரண்டு தடவை போய்க் கொடுத்துவிட்டு வரலாம். ஆனால் சம்பளம் குறையும். புட்டிப்பால் என்றால் பழைய மெஷின், பழைய சம்பளம், பிள்ளை வீட்டில் மாமியாரோடு.

யாரைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருந்தார்கள், அதுதான் தொல்லை. ஆறு மாதத்துக்குத் தண்ணீர்கூடக் காட்டாதே என்று ஆஸ்பத்திரி நர்ஸ் விரலை ஆட்டிச் சொல்லியிருந்தாள். மாமியாரோ தன் நாலு பிள்ளைகளும் புட்டியில் குடித்தே மலைமாதிரி வளர்ந்தார்கள் என்றாள். அந்த மலைகளில் ஒன்றைத்தான் இவள் கட்டியிருந்தாள். அவன் லாரியில் மூட்டை ஏற்றுகிறவன். உனக்கு எது சரின்னு படுதோ அதைச் செய் என்று சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டான். பெருந்தன்மையா, கழன்றுகொண்டதா, அவளுக்கு விளங்கவில்லை. பழைய சம்பளம் இருந்தால்தான் பவுடர் டப்பா வாங்கலாம். டப்பா வாங்கினால் பழைய சம்பளம் மிஞ்சாது. நினைக்க நினைக்கத் தலை சுற்றியது.

காலையில் பிள்ளை மாரில் வாயை வைத்தபடியே தூங்கிப்போயிருந்தது. பிரித்துக் கிடத்தியபோது வெறும் வாயைச் சப்பியது. அது நினைவுக்கு வந்ததும் அவளுக்கு மனசு தாங்கவில்லை. சம்பளம் குறைந்தால் குறையட்டும், நாளையிலிருந்து பிள்ளையைத் தூக்கிக்கொண்டே வந்துவிடுவது என்று முடிவு செய்தாள்.

உள்ளே போய்ப் படிவத்தை நீட்டினாள். "ரெண்டுல ஒண்ண அடிச்சிட்டுக் கையெழுத்துப் போடும்மா," என்றார் கிளார்க், தலை நிமிராமல்.

கம்பெனியில் தேறிய உருப்படியின் சீட்டில் டிக் அடிப்பதுதான் வழக்கம். அவள் தாய்ப்பால் என்ற எழுத்தின் மேலேயே அழுத்தமாக ஒரு டிக் அடித்தாள்.

கொஞ்ச நேரத்தில் சூப்பர்வைசர் அவளைப் பழைய மெஷினில் உட்காரச் சொன்னார். அவள் ஆபீசுக்கு ஓடினாள்.

"நீதானேம்மா தாய்ப்பால அடிச்சிருக்க?" என்றார் கிளார்க்.

"ஆமா சார். அது வேணும்னுதான் அடிச்சேன்."

வேண்டாததைத்தான் அடிக்கவேண்டும், கீழே பொடி எழுத்தில் போட்டிருக்கிறது என்று அவர் பொறுமையாகவே விளக்கினார். படிவம் மேலே போய்விட்டது. இனி அடுத்தது ஆறு மாதம் கழித்து.

"அதுக்குள்ள புள்ளயே வளந்துரும். போய் வேலையப் பாரும்மா."

தான் செய்தது தப்பா, அவர்கள் செய்தது தப்பா என்று புரியாமலே அவள் மெஷினை மிதித்தாள். பதினொரு மணிக்கு மார் கட்டிக்கொண்டு வலித்தது. இந்நேரம் பிள்ளை எழுந்திருக்கும். எப்போது கசிந்தது என்று தெரியவில்லை. குனிந்து தைத்த வெள்ளைக் காலரில் ஈரம் பட்டிருந்தது.

செக்கிங் பெண் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். மோந்து பார்த்தாள். காலர்க்காரியின் முகத்தையும் ஒரு தடவை பார்த்தாள். பிறகு ஈரத்துக்கு நேராகச் சிவப்பு அம்பு ஒன்றை ஒட்டி, சீட்டில் "கறை" என்று எழுதி, கழிவுப் பெட்டியில் போட்டாள்.