பொருளற்ற ஒலி

தத்தெடுப்புக் கோப்பின் மூன்றாம் பக்கத்தில் அந்த வரிகள் இருந்தன: "பேச்சு வரவில்லை. 'தேயா, தேயா' என்று பொருளற்ற ஒலி எழுப்புவாள். மந்தபுத்தி இருக்கக்கூடும்."

விமானம் ஏறுவதற்கு முன்பே அவள் அதை நாலைந்து முறை படித்துவிட்டாள். பாடநூல் அச்சிடும் அச்சகத்தில் பதினாறு வருஷமாகப் பிழை திருத்துகிறவள் அவள்.

"'இருக்கக்கூடும்'னு ஒரு குழந்தையப் பத்தி எப்படிங்க எழுதுவாங்க?" என்று கணவனிடம் கேட்டாள்.

ரத்தப் பரிசோதனைக் கூடத்தில் வேலை பார்க்கும் அவன், எப்படி இருந்தாலும் அது நம்ம குழந்தைதான் என்று சொல்லிவிட்டுப் பெட்டியை மூடினான்.

ஐந்து வருஷம் காத்திருந்து கிடைத்த குழந்தை. நாலு வயதுப் பெண். வேறு தேசம், வேறு பாஷை. அங்கே போய் லாட்ஜில் பத்து நாள் குழந்தையோடு தங்க வேண்டும், பதினோராம் நாள் கையெழுத்துப் போட்டுக் கூட்டிவரலாம் என்பது ஏற்பாடு. பேச்சுக்குத் துணையாக ஒரு மொழிபெயர்ப்பாளரைக் குழந்தைகள் காப்பகமே அமர்த்தியிருந்தது. நரைத்த மீசைக்காரர். எதற்கும் தலையை ஆட்டுவார்.

குழந்தை அழவில்லை, சிரிக்கவுமில்லை. காப்பகத்து ஆயாக்கள் அவளைக் 'கல்லு' என்று கூப்பிட்டார்கள் என்பதை மொழிபெயர்ப்பாளர் ஏதோ தமாஷ் போலச் சொன்னார். லாட்ஜ் அறையில் அவள் கதவுக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பாள். யாராவது தாழ்வாரத்தில் நடந்தால் எழுந்து நின்று "தேயா" என்பாள். காலடி ஓசை தாண்டிப் போனதும் மறுபடி உட்கார்ந்துகொள்வாள்.

மூன்றாம் நாள் 'பண்பாட்டு அறிமுகம்' என்று ஒன்றைக் காப்பகத்து நிர்வாகி அம்மாள் ஏற்பாடு செய்திருந்தார். குழந்தை பிறந்த மண்ணைப் பெற்றோர் தெரிந்துகொள்ள வேண்டுமாம். மியூசியத்தில் கண்ணாடிப் பெட்டிகளைக் காட்டினார்கள். அப்புறம் போட்டோ ஸ்டூடியோவில் குழந்தைக்குச் சரிகைச் சட்டையும் உயரத் தொப்பியும் மாட்டி நிறுத்தினார்கள். தொப்பியை அவள் பிடுங்கி எறிந்தாள். மறுபடி மாட்டினார்கள், மறுபடி எறிந்தாள். "பிடிவாதம்" என்று நிர்வாகி அம்மாள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார்.

ஐந்தாம் நாள் காலையில் லாட்ஜில் துணி வெளுக்கும் பெண்மணி, படுக்கை விரிப்பு மாற்ற வந்தாள். முழங்கை வரை சோப்புத் தண்ணீரில் ஊறி வெளுத்த கை. வழக்கம்போலக் குழந்தை எழுந்து நின்று "தேயா" என்றது. அந்தப் பெண்மணியின் கையிலிருந்த விரிப்பு நழுவியது. அவள் குத்துக்காலிட்டு உட்கார்ந்து, மெதுவாக என்னவோ கேட்டாள்.

குழந்தை பேச ஆரம்பித்தது. ஒரு வார்த்தை, ரெண்டு வார்த்தை இல்லை. மடை திறந்த மாதிரி, மூச்சு விடாமல், கையை ஆட்டி, நடுவில் கோபப்பட்டு, தரையில் விரலால் எதையோ வரைந்து காட்டிப் பேசியது. பேச்சு வரவில்லை என்று எழுதப்பட்ட குழந்தை. இவள் கணவனைக் கூப்பிட்டாள். குளியலறையிலிருந்து முகத்தில் சோப்பு நுரையோடு ஓடிவந்த கணவன் அப்படியே நின்றான்.

மொழிபெயர்ப்பாளரை வரவழைத்தார்கள். துணி வெளுக்கும் பெண்மணி சொன்னதை அவர் தரையைப் பார்த்தபடி பெயர்த்துச் சொன்னார். குழந்தை பேசுவது மலைக்காரர்களின் பாஷை. இந்தப் பெண்மணியும் அந்த மலையிலிருந்து வந்தவள்தான். ஸ்டூடியோவில் மாட்டிய தொப்பி நகரத்துக்காரர்களுடையது, மலையில் யாரும் அதைத் தொடக்கூட மாட்டார்கள்.

"சரி. தேயான்னா என்ன?" என்று இவள் கேட்டாள்.

அவர் மீசையைத் தடவினார். "அக்கான்னு அர்த்தம். அப்பா அம்மா செத்தப்புறம் போன வருஷம் ரெண்டு பேரையும் ஒண்ணாத்தான் கொண்டுவந்தாங்களாம். முடிய வெட்டிட்டு அக்காவ நீலக் கதவு போட்ட கட்டடத்துக்குக் கூட்டிட்டுப் போயிட்டாங்களாம். எப்ப வருவான்னு கேக்குறா."

"அந்த வார்த்தை உங்களுக்கு முன்னாடியே தெரியுமா?"

அவர் வழக்கம்போலத் தலையை ஆட்டினார். பிறகு, காப்பகம் சொல்வதை மட்டும் பெயர்த்தால் போதும் என்பதுதான் தனக்கு இட்ட வேலை என்றார். ஐந்து நாளாகக் குழந்தை அக்கா, அக்கா என்று கேட்டதை இந்த மனிதர் பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெளியே போங்க என்று அவள் கையால் கதவைக் காட்டினாள்.

நிர்வாகி அம்மாள் கொஞ்சமும் பதறவில்லை. அவருக்கு ஆங்கிலம் தெரியும், அதனால் இடையில் ஆள் தேவைப்படவில்லை. பன்னிரண்டு வயதுப் பெண்ணை யாரும் தத்தெடுக்க மாட்டார்கள், சேர்த்துவைத்தால் சின்னதும் இங்கேயே கிடக்கும், பிரித்தது அதன் நன்மைக்குத்தான் என்று பொறுமையாக விளக்கினார். மலைக்குழந்தைகள் ஆறே மாதத்தில் எல்லாவற்றையும் மறந்துவிடும் என்றும் சொன்னார்.

"ஒரு வருஷமா மறக்கலையே," என்றாள் இவள். "தினம் தினம் உங்ககிட்டதான் கேட்டிருக்கா. நீங்க அதை மந்தபுத்தின்னு எழுதி வச்சிருக்கீங்க."

விருப்பமில்லாவிட்டால் அடுத்த தம்பதிக்குக் கொடுத்துவிடுவதாக நிர்வாகி அம்மாள் சொன்னார். கணவன் மேஜைக்கடியில் அவள் கையைப் பிடித்து அழுத்தினான். லாட்ஜுக்குத் திரும்பும் வழியில் ரெண்டு பேருக்கும் சண்டை. முதலில் குழந்தையை வீடு சேர்ப்போம், அப்புறம் அங்கிருந்து போராடலாம், கையில் இருப்பதையும் விட்டுவிடக் கூடாது என்றான் அவன். அக்காவை விட்டுட்டுக் கூட்டிட்டுப் போனா நாமளும் திருடங்கதான் என்றாள் அவள். அன்று மாலை குழந்தை அவன் மடியில் ஏறி உட்கார்ந்து, காலையில் பேசிய கதையை முழுசாக இன்னொரு முறை அவனிடம் சொன்னது. அவனுக்கு ஒரு வார்த்தைகூடப் புரியவில்லை. கடைசிவரை கேட்டான்.

மறுநாள் நிர்வாகி அம்மாளின் அறைக்குள் முதலில் நுழைந்தது அவன்தான். குரல் உயரவே இல்லை.

"ஒரு ரத்த சாம்பிள் டியூப்ல பேரு மாத்தி ஒட்டினா என்னை வேலைய விட்டே தூக்கிடுவாங்க. நீங்க ஒரு குழந்தை மேல தப்பாப் பேரு ஒட்டிட்டு நன்மைன்னு சொல்றீங்க. நாங்க கையெழுத்துப் போடல. போகவும் மாட்டோம்."

அங்கிருந்து நேரே குழந்தைகள் நல அதிகாரியின் அலுவலகம். மொழிபெயர்ப்பாளரின் போன் அணைந்து கிடந்தது. துணி வெளுக்கும் பெண்மணி ஈர உடுப்போடு கூட வந்தாள். அவளுக்கு அந்த தேசத்துப் பொது பாஷையும் தெரியும் என்பதால் அவளே அதிகாரியிடம் பேசினாள். மலைக்காரியின் பேச்சை யார் பொருட்படுத்துவார்கள் என்கிற தோரணையில் அவர் முதலில் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்தார். காப்பகத்தின் சேர்க்கைப் பதிவேட்டை வாங்கிப் பாருங்கள் என்று அவள் மூன்று தடவை சொன்னாள். நாலாம் நாள் வாங்கிப் பார்த்தார். ஒரே தேதி, அடுத்தடுத்த வரி, ரெண்டு பெண்கள், ஒரே தாய் தந்தை பெயர். அதற்குமேல் மழுப்ப இடமில்லை.

பெரிய பிள்ளைகள் இருக்கும் நீலக் கதவுக் கட்டடத்தின் சமையலறையில் பெரியவள் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தாள். தங்கை எப்போதோ வெளிநாட்டுக்குப் போய்விட்டாள் என்று அவளிடம் சொல்லியிருக்கிறார்கள். இடையில் ரெண்டே தெரு. சின்னவள் ஓடிப்போய்க் காலைக் கட்டிக்கொண்டாள். பெரியவள் கட்டிப்பிடிக்கவில்லை. கத்தியைக் கீழே வைத்து, தங்கையின் தலையில் பேன் பார்த்தாள், பல்லைத் திறந்து பார்த்தாள், முழங்காலில் இருந்த தழும்பைத் தொட்டுப் பார்த்தாள். எல்லாம் முடிந்த பிறகுதான் நிமிர்ந்து, வந்திருந்த பெரியவர்கள் ஒவ்வொருவரையும் முறைத்தாள். துணி வெளுக்கும் பெண்மணியிடம் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: பொய் சொன்னது இவர்களில் யார்?

ரெண்டு பேருக்குமாகப் புது விண்ணப்பம் போட்டுக் காரியம் முடிய எட்டு மாதம் ஆயிற்று. அதுவரை அக்கா தங்கை ஒரே அறையில் இருக்க வேண்டும் என்று அதிகாரியிடம் எழுதி வாங்கிக்கொண்டுதான் இவர்கள் ஊர் திரும்பினார்கள். கோப்பின் மூன்றாம் பக்க வரிகளை நிர்வாகி அம்மாளே தன் பேனாவால் அடித்துக் கையொப்பமிட்டார். வருத்தம் என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. துணி வெளுக்கும் பெண்மணி வாரம் ரெண்டு நாள் போனில் இவளுக்கு மலைப் பாஷை கற்றுக்கொடுத்தாள். இவள் தப்பாகச் சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பாள்.

பெண்கள் வந்து இப்போது ஒன்றரை வருஷம் ஆகிறது. சின்னவளை வாயை மூடச் சொல்வதுதான் வீட்டில் பெரும்பாடு. பெரியவள் லேசில் நம்பவில்லை. பல மாதம் துணிகளைப் பெட்டியிலேயே வைத்திருந்தாள். "உங்களுக்குத்தான் எவ்வளவு பெரிய மனசு" என்று அக்கம்பக்கத்தார் சொன்னால் இவளுக்குச் சுருக்கென்று கோபம் வரும். எதிர்த்துப் பேசிச் சிலரோடு பேச்சே நின்றுபோனது.

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, பெரியவள் தமிழில் கேட்டாள். "அம்மா, நீலக் கதவு வீட்ல இன்னும் பதினோரு பேர் இருக்காங்க. அவங்க தம்பி தங்கச்சிங்கள யாரும்மா தேடுவா?"

அம்மா என்று அவள் கூப்பிட்டதை இவள் அப்புறம்தான் உணர்ந்தாள். முதலில் காகிதத்தை எடுத்துவந்து, பெயர்களைச் சொல்லு என்றாள். பதினொன்றையும் எழுதி அந்த நாட்டு அமைச்சகத்துக்குப் பதிவுத் தபாலில் அனுப்பினார்கள். 'பரிசீலனையில் உள்ளது' என்று அச்சடித்த அட்டை ஒன்று வந்தது. அதைப் படித்த கணவன் அன்றே விடுப்புக்கு எழுதிக் கொடுத்துவிட்டான். அடுத்த மாதம் நேரிலேயே போகிறார்கள், இந்த முறை நாலு பேரும்.