உலகம்மையின் சாப்பாட்டு நோட்டு

ரத்னாபாய் டீச்சருக்குக் கோபம் வந்தால் நடை வேகமாகிவிடும். அன்று சாலைக் கம்போளக் கடைத்தெருவின் மூட்டைகளையும் கைவண்டிகளையும் தாண்டி அவள் போன வேகத்தில் குடைக்கம்பியே வளைந்துபோயிற்று. நாலு நாளாக உலகம்மை பள்ளிக்கூடம் வரவில்லை.

பதினைந்து வயசுப் பெண், வயசுக்கு மீறின பருமன். மாடியிலிருந்த சயன்ஸ் வகுப்புக்கு ஏறுவதற்குள் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்குவாள். கூட வருகிறவர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பார்கள். "இவ்வளவு சிரமப்பட்டு என்னத்துக்குப் படிப்பு? நின்னுரட்டும்" என்று அவள் அப்பா, பலசரக்கு மொத்த வியாபாரி பகவதிப்பெருமாள் பிள்ளை, சொல்லத் தொடங்கியிருந்தார். படியேறிவிட்டால் படிப்பு நிற்காது என்று டீச்சர் கணக்குப் போட்டாள்.

ஊரே ரேஷன் அரிசிக்குக் கியூவில் நின்ற காலம். சத்துக் குறைந்த பிள்ளைகளைப் பற்றி ஆரோக்கியப் புத்தகத்தில் பத்துப் பக்கம் இருந்தது. சத்து மிஞ்சிப்போனவர்களுக்கு ஒரு வரி கிடையாது. ரத்னாபாய் தானே ஒரு வழி கண்டாள். தின்பதையெல்லாம் நோட்டில் எழுதிவரச் சொல்லி, அதிகமானதன் அடியில் சிவப்பு மசியால் கோடு போட்டாள். மறுநாள் அதைக் குறைக்க வேண்டும்.

உலகம்மை பொய் எழுதத் தெரியாத பெண். நல்லெண்ணெய் ஒழுக உளுந்தங்களி மூன்று உருண்டை, பால், நெய்ச்சோறு, முந்திரிக்கொத்து. பக்கம் பக்கமாகச் சிவந்தது. இரண்டே மாதத்தில் மூன்று உருண்டை ஒன்றாயிற்று. போன வாரம் அவள் நிற்காமல் மாடியேறி, மேலே நின்று டீச்சரைப் பார்த்துச் சிரித்தாள். அப்புறம்தான் ஆளையே காணோம்.

"வாங்கோ டீச்சரம்மா!" உலகம்மையின் அம்மா சிவகாமியம்மாள் முகமெல்லாம் பல்லாக வரவேற்றாள். "பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமாயாச்சு. எல்லாம் உங்க கைராசியாக்கும்."

"என் கைராசியா?"

"கோட்டாத்துலேருந்து பெண் பாக்க வந்தா. மாப்பிள்ளைக்க அம்மை, பிள்ளை வாடியிருக்கே, வீட்டிலே ஒழுங்காப் போடுறதில்லையோன்னு கேட்டுப்புட்டா. எனக்கு உயிரே போயிட்டு. சட்டுனு நோட்டை எடுத்துக் காட்டினேன். களி, நெய், பால், எல்லாத்துக்கும் டீச்சரே கோடு போட்டு சரின்னு சொல்லியிருக்காளேன்னேன். அந்த அம்மை அசந்துபோயிட்டா, கேட்டேளா!"

"ஐயோ, அது குறைக்கச் சொல்லிப் போட்ட கோடும்மா!"

"நல்ல சாப்பாட்டைக் குறைன்னு எந்த டீச்சராவது சொல்வாளா? தமாஷ் பண்ணாதீங்கோ."

ரத்னாபாய்க்குச் சுவரில் முட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. "பங்குனியிலே பரீட்சை. அதையாவது எழுதட்டும்."

"தையிலே முகூர்த்தம். அதுக்குள்ளே வாட்டத்தைச் சரியாக்கணும். இனி எங்கே பள்ளிக்கூடம்?"

உள்ளே உலகம்மை தட்டுக்கு முன்னால் உட்கார்ந்திருந்தாள். தட்டில் மூன்று உருண்டை.

"கோடு எதுக்குன்னு நான் சொன்னேன் டீச்சர். அம்மா நம்பல்ல."

இத்தனை நாள் பெண்ணுக்குப் பாடம் சொன்னவள், அம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவைக்கவில்லையே என்று டீச்சருக்குத் தன்மேலேயே ஆத்திரம் பொங்கியது.

அதற்குள் சிவகாமியம்மாள் பத்து வயசான இளைய மகளைத் தள்ளிக்கொண்டு வந்தாள். அவள் கையில் நாலு மூலையிலும் மஞ்சள் தடவிய புது நோட்டு. "இவளுக்கும் இப்பவே தொடங்கி வச்சிருங்கோ. காப்பி கொண்டாறேன்" என்று அடுக்களைக்குப் போனாள்.

உலகம்மை தங்கையின் கையைப் பிடித்து இழுத்தாள்.

"நீ பொய் எழுது, கேட்டியா? கஞ்சி மட்டும்னு எழுது. அப்பம் இதைப் பெண் பாக்க வாறவாகிட்டே காட்ட முடியாது."

ரத்னாபாய் அதைத் திருத்தவில்லை.